பாறணைக்கு வந்த பூசணிக்காய்கள்

ஹ்விடோவ்ரே
17 நவம்பர் 2024

சுஜீதா அக்காவுக்கு,

விரதம் முடிக்கும் பாறணையன்று கோயிலில் அத்தனை பேரை வாந்தியெடுக்க வைத்தவை நீங்கள் கொண்டுவந்த பூசணிக்காய்கள். என் அம்மாவின் கை அல்ல. அவர் துணி ஊறவைக்கும் வாளியும் அல்ல.

போனில் எழுதாமல் தபாலில் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பீர்கள். போனில் எழுதினால் மாலைக்குள் அது கோயில் வைபர் குழுவில் கிடக்கும். உங்கள் போனை உங்கள் வீட்டில் யார் யார் எடுத்துப் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் வேலை செய்யும் செடிக்கடை முகவரிக்கே அனுப்புகிறேன்.

அம்மா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஒரு கிழமையாகக் கேட்கிறேன்.

"பூசணிக்காய் ஆர் கொண்டந்தது?"

"ஆரோ கொண்டந்து வைச்சினம்."

"ஆர் அம்மா?"

"விடு பிள்ளை. சாமி காரியம்."

கடைசியில் அப்பாதான் செய்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சுஜீதாதான். பின்கதவால ரெண்டு பெட்டி. நான்தானே தூக்கி உள்ள வைச்சனான்."

அதில் ஒன்று மிஞ்சி ஹோர்சன்ஸில் அம்மா வீட்டு ஜன்னலில் இருக்கிறது. பாதி பச்சை, பாதி செம்மஞ்சள், உடம்பெல்லாம் மரு. வடிவாக இருக்கிறது என்று அம்மா எடுத்து வந்தாராம். வெட்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். இரவுச் சாப்பாடு வரைக்கும் வாயிலிருந்து அந்தக் கசப்புப் போகவில்லை. என் ஒஃபிஸ் வரவேற்பு மேசையில் ஒக்டோபர் முழுக்க இதே காய்களைக் காய்ந்த இலைகளோடு ஒரு கூடையில் வைத்திருந்தார்கள். சாப்பிடலாமா என்று என்னோடு வேலை செய்யும் அன்னாவைக் கேட்டேன். அவள் சிரித்தாள். அது பார்க்கத்தான், தின்றால் வயிற்றைப் பிரட்டும், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் யாராவது ஒருவர் இந்தப் பிழையை விடுவார் என்றாள். ஒரு கோயிலே தின்றது என்று நான் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

ஆறு நாள் கந்தசஷ்டி விரதம் இருந்து காய்ந்த வயிறுகள். படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பதால் அம்மா உப்புக்கூடப் பார்க்கவில்லை. வாயில் வைத்தவர்கள் பாறணைச் சோற்றைத் துப்பக் கூடாது என்று விழுங்கினார்கள். "கசப்பு நல்லது, பித்தத்தை எடுக்கும்" என்று யாரோ சொல்ல, அதை நம்பி இரண்டாம் முறை வாங்கியவர்களும் உண்டு.

அடுத்த ஞாயிறு பூசை முடிய, கோயில் தலைவர் என்ற முறையில் உங்கள் மாமனார் எழும்பினார். கறிக்குள் சவர்க்காரம் விழுந்திருக்கிறது என்றார். துணி ஊறவைக்கிற வாளியைச் சமையலறைக்குள் எடுத்திருக்கிறார்கள் என்றார். "இனி ஆரைச் சட்டி தொட விடுறது எண்டு கவனமா இருக்கவேணும்" என்றார். வழக்கமாகச் சமைப்பவர் கனடாவுக்குக் கல்யாணத்துக்குப் போனதால்தான் அம்மாவை அந்தச் சமையலறைக்குள் விட்டார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அம்மா தூணோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அந்தக் காய்களில் ஏதாவது ஒட்டியிருந்ததா?

துவாரகா


ஹோர்சன்ஸ்
24 நவம்பர் 2024

அன்புள்ள துவா,

உன் கடிதத்தை என் மேலாளர் எல்லோருக்கும் முன்னால்தான் தந்தார். இந்தக் காலத்தில் தமிழில் கையெழுத்துக் கடிதம் வருவது அவருக்கு அதிசயமாக இருந்தது. யாருடையது என்று கேட்டார். தங்கச்சி என்றேன். நான் உன்னை அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

ஓம், காய்களை நான்தான் கொண்டுவந்தேன். மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியில் தொடங்கினால் எங்கள் கடையில் பூசணிக்காய் அடுக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. நவம்பர் முதலாம் திகதி விடிந்ததும் அவ்வளவையும் அள்ளி எறிந்துவிட்டு கிறிஸ்மஸ் மரங்களுக்கு இடம் விட வேண்டும். நல்ல காய்கள், துவா. ஒரு கீறல் இல்லாத காய்களை நானே கொண்டுபோய் உரக்குழியில் கொட்டுகிறேன். இந்த நாட்டு ஆட்கள் தின்னக்கூடிய சதையைக் குடைந்து குப்பையில் போட்டுவிட்டு, ஓட்டுக்குள் விளக்கு வைத்து வாசலில் வைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கோயிலுக்காவது பயன்படட்டும் என்றுதான் எடுத்தேன். இப்படி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் அம்மாவைப் பற்றி மாமா பேசியது பிழை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு போகிறாய். அன்ரி துணி தோய்க்கிற லோன்றியில் வேலை செய்கிறா, துணி பற்றித் தெரிந்தவ, அதனால்தான் கோயில் துணிகளை அவவிடம் கொடுக்கிறார்கள். அதற்குள் வேறு அர்த்தம் தேடாதே. எங்கள் மாமியே ஒரு இரவு ஆசுபத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறா. வீட்டில் இப்போது யாரும் யாரோடும் நேராகக் கதைப்பதில்லை. இதைக் கிளறினால் யாருக்கு நல்லது? இன்னும் இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. மாமா பேசியபோது நீயும் அங்கே நின்றாய். சப்பாத்து வைக்கிற இடத்தில், ஜக்கெற்றின் சிப்பைப் பூட்டிக்கொண்டு. நீயும் வாய் திறக்கவில்லை.

அன்புடன்
சுஜீதா அக்கா


ஹ்விடோவ்ரே
1 டிசம்பர் 2024

சுஜீதா அக்கா,

நின்றேன். சிப் பூட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கட்டாடியின்ர கையைச் சட்டிக்க விட்டா இப்பிடித்தான்" என்று சொன்னதும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டி வருமே என்று திரும்பவில்லை.

இன்னும் இருக்கிறது. நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். காரில் வரும்போது அம்மாவிடம், "உங்களுக்கு அந்தச் சமையலறை ஏன்? ஆர் உங்களைக் கேட்டது?" என்று கத்தினேன். டேனிஷில் கத்தினேன். வெட்கம் வந்தால் எனக்கு டேனிஷ்தான் வாயில் வருகிறது. அம்மா தமிழில் பதில் சொன்னார்: "ஒருக்கா என்ர கையால சாமிக்குக் குடுக்கவேணும் எண்டு இருந்தது." அதற்குப் பிறகு நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன். அவர்கள் மேல் வர வேண்டிய வெட்கம் எனக்கு என் அம்மா மேல் வந்தது. அந்த நினைப்போடுதான் இந்தக் கடிதங்களை எழுதுகிறேன். நான் நல்லவள் என்பதால் எழுதவில்லை.

ஆனால் லோன்றி கதையை என்னிடம் விட வேண்டாம். உங்கள் கணவர் லவன் அண்ணை பஸ் ஓடுகிறார். கோயில் தேரை அவரிடமா ஓடச் சொல்கிறார்கள்? உங்கள் மாமா முப்பது வருடம் பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். அரிசி மூட்டையைத் தூக்கி அடுக்குங்கோ என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லையே. அம்மா லோன்றியில் வேலைக்குச் சேர்ந்தது 2017இல். கோயில் துணி அதற்கு இரண்டு வருடம் முன்பே எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிட்டது. நாங்கள் ஊரில் எந்த ஊர், எந்தப் பகுதி என்று உங்கள் மாமி கேட்டு அறிந்த அதே மாதம்.

நாங்கள் கட்டாடி, துணி வெளுக்கிற சாதி. எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் இந்தச் சொல்லை ஒருவரும் உச்சரித்ததில்லை.

செய்தி தெரியுமா? நான் அம்மா வீட்டில் நின்றபோது உங்கள் மாமா அவருக்குப் போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்க என்று நினைத்து நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "ஞானேஸ், குளிர் தொடங்கீட்டுது. திருவெம்பாவைக்கு முன்னம் பட்டுத்துணி எல்லாம் எடுத்துச் செய்து தரவேணும். எங்கட மனிசியின்ர கம்பளிக் கோட்டும் கிடக்கு, பூச்சி விழுந்திட்டுதோ தெரியேல்லை" என்றார். அம்மா "ஓம் அண்ணை" என்றார். நான் போனைப் பறிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார்.

இப்போது அம்மா வீடு முழுக்கக் கடவுளின் உடுப்பு. வள்ளி தெய்வானையின் கோடைகாலச் சேலைகள் குளியல் தொட்டியில் உப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனைகின்றன. வெயில் இல்லாததால் சாப்பாட்டு மேசைக்கு மேல் கொடி கட்டியிருக்கிறார்கள். அப்பா குனிந்துகொண்டு சோறு தின்கிறார். சரிகை பழைய மடிப்பிலேயே வெடிக்கும் என்று ஒவ்வொரு வருடமும் அம்மா மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றுகிறார். உங்கள் மாமியின் கோட்டு எங்கள் பால்கனியில் காற்று வாங்குகிறது. சாமி உடுக்கிற துணி எங்கள் குளியலறையில் ஊறலாமாம். சாமி தின்கிற கறி எங்கள் அடுப்பில் கொதிக்கக் கூடாதாம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. காய்களில் என்ன ஒட்டியிருந்தது?

துவாரகா


ஹோர்சன்ஸ்
9 டிசம்பர் 2024

துவா,

இதை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் இருந்து எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்க மாட்டேன்.

ஒவ்வொரு காயிலும் ஸ்ரிக்கர் இருந்தது. அலங்காரத்துக்கு மட்டும், உண்ண வேண்டாம் என்று டேனிஷில் எழுதியிருந்தது. எனக்கு டேனிஷ் வாசிக்கத் தெரியும். மூன்றாம் நிலைப் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான். அந்த ஸ்ரிக்கர்களை நான்தான் என் நகத்தால் உரித்தேன், கடையின் பின்பக்கத்தில், ஒவ்வொன்றாக.

ஏன் என்று கேட்பாய். பாறணைக்குப் பூசணிக்காய் எங்கள் வீட்டுப் பொறுப்பு என்று மாமா கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் என்னிடம் சொன்னார். நான் வாங்கப் போகவில்லை. எறிகிற காய் இருக்கும்போது ஏன் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எறிந்த சாமானைச் சாமிக்குக் கொண்டுவந்தேன் என்று மாமி அறிந்தால் என்னை உரித்துவிடுவா. போன வருடம் கடையில் மிஞ்சிய பூங்கன்றைக் கொண்டுவந்ததற்கே, "எங்கட வீட்டில குப்பை பொறுக்கிற பழக்கம் இல்லை" என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னவ. வாங்கியது என்று காட்டத்தான் ஸ்ரிக்கரை எடுத்தேன். உண்ண வேண்டாம் என்றதை நான் நம்பவில்லை. இவர்கள் நல்ல பூசணிக்காயையே சாப்பாடு என்று நினைக்காதவர்கள், இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தோல் கத்தியை விடுகுதில்லை என்று அன்ரி சொன்னபோதும், "இந்த நாட்டுக் காய் இப்பிடித்தான் அன்ரி" என்றேன்.

இதோடு நிறுத்தினால் நீ என்னை மன்னிக்கக்கூடும். ஆனால் இதோடு முடியவில்லை.

ஆசுபத்திரியில் மாமியோடு நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன். மாமிக்கு டேனிஷ் அவ்வளவு விளங்காது. மாமி என்ன சாப்பிட்டா என்று டொக்ரர் கேட்டா. பூசணிக்காய் என்றேன். எப்படிப்பட்டது என்று கேட்டு, தன் போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினா. அதே காய். அலங்காரக் காயில் நஞ்சு இருக்கிறது, கசந்தால் துப்பிவிட வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றா. மாமி என் கையைப் பிடித்து, "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டா.

"ஏதோ சவர்க்காரம் மாதிரிப் பட்டிருக்கலாமாம் மாமி" என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது, துவா. ஏன் சவர்க்காரம் என்று வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியும். அன்ரி சமைத்தா, அன்ரி துணி தோய்க்கிறா. என் தலைக்குள்ளும் அது இருந்தது. வாளியை மாமாவும் மற்றவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். தொடங்கியது நான். நான் உங்களை அப்படி நினைப்பதில்லை என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் இங்கே வந்து ஆறு வருடம். என் விசா இன்னும் லவனோடு ஒட்டித்தான் இருக்கிறது. மாமா ஒரு சொல் சொன்னால் லவன் என் பக்கம் நிற்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டும் சின்னது. இதை யாரிடமும் காட்டாதே.

அன்ரி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. போன சனி கடைத்தெருவில் அவவைக் கண்டு அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டேன்.

சுஜீதா


ஹோர்சன்ஸ், அம்மா வீட்டிலிருந்து
21 டிசம்பர் 2024

சுஜீதா அக்கா,

யாரிடமும் காட்டவில்லை. அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

அவர் பட்டுத் துண்டு ஒன்றை மேலே துணி போட்டு இஸ்திரி பண்ணிக்கொண்டிருந்தார். ஸ்ரிக்கர் இடத்தில் சிரிக்கக்கூடச் செய்தார். "பாவம், அதை உரிக்க எவ்வளவு மினக்கெட்டிருப்பாள்" என்றார். விசா பற்றி வாசித்தபோது, "ரெண்டு சின்னப் பிள்ளையள் துவா. விடு" என்றார். ஆசுபத்திரிப் பகுதியை வாசித்தேன். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஏன் சவர்க்காரம் எண்டு சொன்னவள்?" என்று கேட்டார். "வேற எத்தினை சொல்லியிருக்கலாம். பால் திரைஞ்சது எண்டு சொல்லியிருக்கலாம்."

பிறகு எழும்பிப் போய் அந்த வாளியைக் கழுவினார். அது கழுவித்தான் இருந்தது.

நான் உங்களை வீட்டைவிட்டுத் துரத்த வைக்க மாட்டேன். அப்படி ஒரு வீட்டில் மருமகளாக இருப்பது என்ன என்று எனக்கு விளங்குகிறது. ஸ்ரிக்கர் பற்றிச் சொல்ல வேண்டாம். எறிந்த காய் என்று சொல்ல வேண்டாம். அது அலங்காரக் காய், கடையில் மாறி வந்துவிட்டது, டொக்ரர் சொன்னது எனக்கு அப்போது சரியாக விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அதுவும் பொய்தான். அந்தப் பொய்யோடு நான் இருந்துகொள்வேன். அம்மாவின் பெயர் மேலிருந்து அந்தச் சவர்க்காரத்தை எடுத்துவிட்டால் போதும்.

ஜனவரி பன்னிரண்டு, ஞாயிறு, திருவெம்பாவைப் பூசைக்குத் துணிகளைக் கொண்டுவருகிறோம். அன்று எல்லோரும் இருப்பார்கள். பூசை முடிய, சாப்பாட்டுக்கு முன் சொல்லுங்கள். சரி என்று ஒரு வரி எழுதினால் நான் நிம்மதியாக இருப்பேன்.

துவாரகா


ஹ்விடோவ்ரே
19 ஜனவரி 2025

சுஜீதா அக்கா,

ஒரு வரிகூட வரவில்லை. அது தபாலின் பிழை என்று பன்னிரண்டாம் திகதி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் பாதியில் நீங்கள் சமையலறைக்குள் போய்விட்டீர்கள்.

அம்மா பின்கதவால் போகவில்லை. பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்கதவால் வந்தார். உங்கள் மாமி கதிரையில் இருந்தபடி, "உதில கீழ வை ஞானேஸ்" என்றா. அம்மா வைக்கவில்லை. "சாமியின்ர துணி அக்கா. நிலத்தில வைக்கேலாது. கையில வாங்குங்கோ" என்றார். இத்தனை வருடம் நிலத்தில் வைத்தவர்தான். அன்று வைக்கவில்லை. யாரும் எழும்பவில்லை. ஐயர் விளக்குத் திரியைச் சரிசெய்தார். உங்கள் மாமா, "பூசை நேரத்தில பிரச்சினைப்படுத்தாதேங்கோ" என்றார்.

நான் வாய் திறந்தேன். நவம்பரில் திறக்காத வாய். "பாறணைக்கு வந்த பூசணிக்காய் என்ன காய் எண்டு ஒருக்கா விசாரியுங்கோ" என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. குரல் பிசகியது, பின்னால் ஒரு பெடியன் சிரித்தான். நீங்கள் தாம்பாளத்தோடு சமையலறை வாசலில் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அம்மாவைப் பார்த்தீர்கள். உள்ளே போனீர்கள். கதவு சாத்தப்பட்டது.

அம்மா அந்தப் பொதியை ஏந்தியபடியே வெளியே வந்தார். கார்க்கதவை அப்பா திறந்துவிட்டார். மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவை இப்போது என் பழைய அறைக் கட்டிலில் இருக்கின்றன. உங்கள் மாமியின் கோட்டும் அங்கேதான் தொங்குகிறது. இந்தக் குளிரில் அவ எதைப் போட்டுக்கொண்டு போகிறா என்று அம்மா கவலைப்படுகிறார். அவ்வளவு மானங்கெட்ட நல்ல மனம். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

உங்கள் மாமா தினமும் போன் எடுக்கிறார். தைப்பூசத்துக்குப் பட்டு வேண்டுமாம். அம்மா போனை எடுப்பதில்லை. மணி அடித்து முடியும் வரை அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறாராம். வெட்கப்படுகிறார், அக்கா. போனை எடுக்காமல் இருப்பதற்கு வெட்கப்படுகிறார். நீங்கள் செய்ததற்கும், உங்கள் மாமா செய்ததற்கும், நான் காரில் கத்தியதற்கும் சேர்த்து அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார்.

துணி வேண்டுமென்றால் வாருங்கள். தனியே அல்ல. மாமாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மா தேநீர் ஊற்றுவார், குடியுங்கள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து, அவர்கள் இருவரும் கேட்க, அந்த டொக்ரர் சொன்னதைத் தமிழில் சொல்லுங்கள்.

எந்த நாள் வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

துவாரகா